வாய்க்குப் பூட்டு, மூக்குக்குக் காற்று

நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவன் நான். ஹாரன் ரிப்பேரானாலும் வண்டியை நிறுத்தியதில்லை. தலையை வெளியே நீட்டி ஒரு சத்தம் போட்டால் எதிரே வரும் லாரி பக்கத்துத் தெருவுக்கே ஓடிவிடும். அப்பேர்ப்பட்டவனின் நுரையீரலை சிகரெட்டும் டீசல் புகையும் சேர்ந்து அடைத்துப்போன சைலன்சராக்கிவிட்டன. அன்று காலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு மூச்சு.

"மூக்குக் குழாய் வெச்சு ஒரு மணி நேரம் பார்ப்போம்," என்றார் டாக்டர். "மூச்சு இருபத்தஞ்சுக்குக் கீழ வரணும். ரத்தத்துல கரியமில வாயுவும் குறையணும். இல்லன்னா போன தடவை மாதிரி மாஸ்க்தான்."

போன தடவை மூன்று நாள் முகத்தை இறுக்கி மூடினார்கள். மூச்சு வந்தது, பேச்சு போனது. எனக்கு அது முந்நூறு வருஷம். செத்தாலும் மாஸ்க் கூடாது என்று முடிவெடுத்தேன்.

நர்ஸம்மா மூக்கில் தடித்த குழாயைப் பொருத்தி மெஷினைத் தட்டினார். புயலை வெந்நீரில் குளிப்பாட்டி அனுப்பியதுபோல் வெதுவெதுப்பாக ஒரு காற்று.

"எதுக்கும்மா இவ்வளவு வேகம்?"

"நீங்க விட்ட மூச்சு கொஞ்சம் மூக்குலயும் தொண்டையிலயும் தங்கிடுது ஐயா. அடுத்த தடவை அதையே திரும்ப இழுக்கறீங்க. இது அதை அலசி வெளிய தள்ளிடும். அப்புறம் அவசரப்பட்டு இழுக்க வேண்டாம். ஆனா வாயை மூடிக்கிட்டு மூக்காலதான் மூச்சு விடணும்."

"ஒரு மணி நேரம் இவர் வாயை மூடறதா?" என் மனைவி சிரித்தாள். "கல்யாணமான நாள்லேருந்து நானும் அதைத்தாம்மா கேட்டுட்டிருக்கேன்."

உதட்டை ஒட்டினேன். இருபது நிமிஷத்தில், காதுவரை ஏறியிருந்த தோள்பட்டை தானாக இறங்கியது. அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். என் வண்டியிலேயே கண்டக்டராக இருந்தவன். மூடிய வாயைப் பார்த்ததும் பயலுக்கு யோகம் அடித்தது.

"அத்தான், மலை இறக்கத்துல பிரேக் போச்சே, ஞாபகமிருக்கா? நர்ஸம்மா, இவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டிருந்தார். நான்தான் குதிச்சு சக்கரத்துக்குக் கல்லு போட்டேன்."

கல்லா? சீட்டுக்கடியில் கிடந்தவனை நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். வண்டியை மண்மேட்டில் ஏற்றி நூற்றுப்பத்து உயிரைக் காப்பாற்றியவன் நான். போன வருஷம்வரை அது அறுபதுதான். பதில் நாக்கு நுனியில் துடித்தது. நர்ஸம்மா என் மணிக்கட்டைப் பிடித்தபடி கதை கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்க்கை நினைத்தேன். பல்லைக் கடித்து, மூக்கால் இழுத்து, மெதுவாக விட்டேன். பயல் இன்னும் இரண்டு கல் போட்டான்.

நேரம் முடிந்தது. "மூச்சை எப்பம்மா எண்ணுவீங்க?" என்றேன்.

"எண்ணியாச்சு ஐயா. சொல்லிட்டு எண்ணினா மூச்சைப் பிடிச்சுக் கள்ளாட்டம் ஆடுவீங்க. நாடி பாக்கற மாதிரி உங்க நெஞ்சைத்தான் பாத்தேன். இருபத்திரண்டு."

ரத்தப் பரிசோதனையிலும் வாயு இறங்கியிருந்தது. "மாஸ்க் வேண்டாம், குழாயே தொடரட்டும்," என்றார் டாக்டர். "இடையில கொஞ்சம் பேசலாம்."

மச்சினன் மெல்ல எழுந்து செருப்பைத் தேடினான்.

"உக்காருடா," என்றேன். "எந்தக் கல்லு?"