வாசு செண்டிரியான் பெர்ஹாட்

வாசுவின் இடது கண்ணில் புரை விழுந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, ஒரு தேர்தல் வேட்பாளர். பினாங்கில் அவர்கள் குடியிருந்த ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிடத்து ஓரமாக ஆளுயர அட்டையில் கைகூப்பி நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து வாசு காரை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, "வணக்கம் தலைவரே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டார். தலைவர் சிரித்தாரே ஒழிய பதில் சொல்லவில்லை. ஓட்டு கேட்க வரும்போதே இவ்வளவு திமிரா என்று வாசு கோபித்துக்கொண்டு காரை வேகமாகப் பின்னால் எடுத்தார். பின்னால் கீழ்வீட்டு நல்லம்மாள் அக்காவின் துளசித் தொட்டிகள் இருந்தன. பிறகு இல்லை.

அன்றே கார் சாவி அரிசி டின்னுக்குள் போனது. தண்ணீர்மலை முருகன் கோயிலோ, நிபோங் திபாலில் சாவு வீடோ, எங்கே போவதென்றாலும் மகள் ரூபினிதான் ஓட்ட வேண்டும். பக்கத்து இருக்கையிலிருந்து வாசு, தனக்குத் தெரியாத சிக்னல்களுக்கெல்லாம் பிரேக் போடச் சொல்வார்.

அது தொல்லை மட்டும்தான். பயம் வேறு. வாசுவின் வலது கண் பட்டறை வேலைக் காலத்திலேயே வெல்டிங் பொறி பட்டுப் பாதியாகிவிட்டது. மிச்சமிருந்தது இந்த இடது கண் ஒன்றுதான். கண் டாக்டர் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்துவிட்டு, கூடவே ஒரு கொக்கியும் போட்டார். சர்க்கரை இறங்கினால்தான் கத்தி. இறங்காவிட்டால் தேதி வரிசையில் நிற்கும் வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு டாக்டர் கூரையைப் பார்த்தார்.

ரூபினி அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வணிக நிர்வாகம் படித்துவிட்டு, கடல் பாலம் தாண்டி ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் செயல்முறை மேம்பாட்டு அதிகாரியாக இருந்தாள். மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்த்து, அது சரியில்லை என்று பல வண்ணங்களில் படம் போடுவது அவள் வேலை. "இதுக்குன்னே பொறந்தவ" என்று அம்மா ஜெகதீஸ்வரி சொல்வாள். பாராட்டாக அல்ல.

அந்த வாரம் கோலாலம்பூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் தொழிற்சாலைக்கு வந்து, "உங்கள் உடம்பே ஒரு கம்பெனி, நீங்களே அதன் சி.இ.ஓ." என்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள். ரூபினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கத்தரிக்காய்க்கும் உதவாத வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இந்த ஆள் மதியச் சாப்பாட்டில் மூன்று முறை ரெண்டாங் கறி எடுத்துப் போட்டுக்கொண்டதை அவள் பார்த்திருந்தாள். ஆனால் சாயந்தரம் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு கிடந்தபோது யோசனை வேறு பக்கம் ஓடியது. பச்சையும் சிவப்புமாக ஒரு பலகையை மாட்டி அத்தனை பெரிய தொழிற்சாலையையே வழிக்குக் கொண்டுவர முடிகிறது. ஒரே ஒரு அப்பாவைக் கொண்டுவர முடியாதா?

முடியாது என்று எந்தப் பல்கலைக்கழகத்திலும் பாடம் இல்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் முதல் கூட்டம் நடந்தது.

"இன்னைலேருந்து இந்த வீடு ஒரு கம்பெனி" என்றாள் ரூபினி. "பேரு, வாசு செண்டிரியான் பெர்ஹாட்."

"செண்டிரியான்னா தனியான்னுதானே அர்த்தம்?" என்றார் வாசு. "என்னைத் தனியா விடுங்கன்னுதான் நானும் சொல்றேன்."

"பிரைவேட் லிமிடெட்னு அர்த்தம்பா."

"என் பேர்ல கம்பெனின்னா நான்தான் முதலாளி."

"நான் சி.இ.ஓ. அம்மா பர்ச்சேசிங்."

"அப்ப நான்?"

"நீங்க ப்ராடக்ட்."

"பழுதான ப்ராடக்ட்லா" என்றாள் ஜெகதீஸ்வரி, வெண்டைக்காயை நறுக்கியபடி. "வாரண்டி இல்லன்னு எங்கப்பாகிட்ட அன்னைக்கே யாரும் சொல்லல."

ரூபினி வாங்கி வந்த வெள்ளைப் பலகையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். நான்கு கட்டங்கள் போட்டாள்: பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. எந்தக் கம்பெனியானாலும் முதலில் இதைத்தான் நிரப்ப வேண்டும். பலவீனம் என்ற கட்டம் அம்மா சொல்லச் சொல்ல நிரம்பி வழிந்தது. பிடிவாதம், சோம்பல், ரொட்டி சானாய், ஜிலேபி, கூட்டாளிகள். பலம் என்ற கட்டத்துக்கு வந்தபோது காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது.

"யோசிங்கம்மா. முப்பது வருஷம் குடும்பம் நடத்திருக்கீங்க."

ஜெகதீஸ்வரி மனசாட்சியோடு யோசித்தாள். "கோசோங்னு போடு."

கோசோங் என்றால் மலாயில் வெறுமை. பூஜ்யமும் அதுதான். பினாங்கில் டெலிபோன் நம்பர் சொல்லும்போதுகூட யாரும் பூஜ்யம் என்று சொல்வதில்லை, கோசோங்தான். பலம்: கோசோங் என்று ரூபினி கொட்டை எழுத்தில் எழுதினாள். வாசு பலகையின் திசையில் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டினார். உற்பத்திப் பொருள் ஒத்துழைக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தினமும் காலையில் நின்றுகொண்டே நடத்தும் அவசரக் கூட்டம். அப்பா அதில் உட்கார்ந்துகொண்டுதான் கலந்துகொள்வார். கேள்வி ஒன்றே ஒன்று. வாசு காலைப் பசியாறுவது வழக்கமாக ஃப்ளாட்டுக்குக் கீழே இருக்கும் அப்துல் அஜீஸின் கடையில். வீட்டுச் சாப்பாட்டை அம்மா பார்த்துக்கொள்வாள். கடைச் சாப்பாடுதான் ஓட்டை.

"நேத்து அஜீஸ் அங்கிள் கடையில என்ன?"

"கோசோங்."

"சத்தியமா?"

"தண்ணீர்மலையான் மேல சத்தியமா, கோசோங்."

ஒரு பச்சைக் காந்தம். மறுநாளும் கோசோங், இன்னொரு பச்சை. பலகை பாலிக் பூலாவ் வயல் மாதிரி ஆனது. ரூபினி அதைப் படம் பிடித்துத் தொழிற்சாலையில் காட்டினாள். ஊழியரை ஊக்குவிக்க வேண்டுமே என்று மாதத்தின் சிறந்த ஊழியர் என்று எழுதி, அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பலகைக்கு மேலே ஒட்டினாள். போட்டிக்கு வேறு ஊழியர் கிடையாது என்பது வேறு விஷயம்.

வாசு படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று உற்றுப் பார்த்தார். "யாரு, செத்துப்போன உங்க தாத்தாவா? பொட்டு வைக்கலையா?"

இந்த வயசிலும் அப்பாவுக்கு நகைச்சுவை என்று ரூபினி சிரித்தாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கிளினிக்கில் தாதி நோர்மா விரலைக் குத்தினாள், கருவியைப் பார்த்தாள், கருவியைத் தட்டினாள், இன்னொரு விரலைக் குத்தினாள். "அங்கிள், இறங்கவே இல்லையே. ஏறியிருக்கு" என்றாள் மலாயில். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் இப்படியே இருந்தால் கண் தேதி போய்விடும்.

திரும்பும் வழியில் ரூபினி ஸ்டீரிங்கைக் குத்தியதில் ஹாரன் அடித்து, முன்னால் போன மோட்டார்சைக்கிள்காரர் ஓரம் ஒதுங்கினார்.

"எல்லாம் பச்சை! எல்லாமே பச்சை! எப்படி ஏறும்? வீட்டுக்குள்ளதான் ஊழல் நடக்குது. அம்மா, நீங்க என்ன குடுக்கறீங்க?"

"என்னையா கேக்கற?" ஜெகதீஸ்வரி பின் இருக்கையிலிருந்து எழும்பினாள். "உன் கம்பெனியில சேர்ந்ததுலேருந்து நானே ஜிலேபி தின்னு மாசமாச்சுடி! ராஜினாமா பண்றேன். வண்டிய நிறுத்து."

"அம்மா, இது பாலம்."

"அப்ப வீட்ல போய் ராஜினாமா பண்றேன்."

வாசு மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கடலும் வானமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. "ரூபி" என்றார். "அந்தத் தேதி போயிடுச்சுன்னா, அப்புறம் எனக்கு இதுவும் தெரியாதா?"

ரூபினி ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தாள். அவளுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் எப்போதும் கோபம்தான் வரும். அது அப்பா வழிச் சொத்து.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, முன்னறிவிப்பு இல்லாத தணிக்கைக்குப் புறப்பட்டாள். அஜீஸ் கடைத் தூணுக்குப் பின்னால் கலண்டரைப் பார்ப்பதுபோல் நின்றாள். வாசு வந்தார். வழக்கமான நாற்காலியைக் காலால் துழாவி உட்கார்ந்தார். வாயைத் திறக்கும் முன்பே கல்லாவிலிருந்து அப்துல் அஜீஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"வாசு அண்ணனுக்கு கோசோங் ரெண்டு! பாஞ்சிர்!"

வந்தது பரோட்டா மாதிரி இரண்டு ரொட்டி சானாய். முட்டை போடாத, வெங்காயம் போடாத, வெறும் ரொட்டி. பினாங்கில் அதற்குப் பெயர் ரொட்டி கோசோங். பாஞ்சிர் என்றால் வெள்ளம். அஜீஸ் மீன் குழம்பை ஊற்றிய ஊற்றில் ரொட்டி இரண்டும் மூழ்கி மிதந்தன.

"அப்பா!"

வாசுவின் கையிலிருந்த ரொட்டி குழம்பில் விழுந்து சட்டையில் தெறித்தது. "ரூபியா? வேலைக்குப் போகல?"

"கோசோங்னு சொன்னீங்களே!"

"கோசோங்தானே இது? முட்டை இருக்கா பாரு. சார்டின் இருக்கா பாரு."

"தினமும் சத்தியம் பண்ணீங்க!"

"உண்மையைத்தான் சொன்னேன். டீயும் தே ஓ கோசோங். பால் இல்ல, சீனி இல்ல. ரொட்டியும் கோசோங், டீயும் கோசோங். கோசோங்கும் கோசோங்கும் சேர்ந்தா எவ்ளோ? நீதானே படிச்சவ, சொல்லு."

பக்கத்து மேசைக்காரர் டீயைத் துப்பிவிட்டார்.

"ரொட்டின்னா சிவப்புன்னு பலகையில எவ்ளோ பெருசா எழுதி ஒட்டிருக்கேன்!"

"எந்தப் பலகை?"

"ஃப்ரிட்ஜ்ல ஒட்டிருக்கே, அந்தப் பலகை!"

"அது பலகையா?" வாசுவுக்கு உண்மையாகவே ஆச்சரியம். "உங்கம்மா துணி காயப்போட்டிருக்கான்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் தலையாட்டினீங்க?"

"நீ கஷ்டப்பட்டு என்னமோ பேசற. ஆட்டாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

ரூபினி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் தெரியாத ஆளுக்குக் கண் தெரிய வைப்பதற்காக, கண்ணால் பார்க்க வேண்டிய பலகை ஒன்றை, அதுவும் வண்ணத்தில், மாட்டி வைத்திருக்கிறாள். இதைத் தொழிற்சாலையில் வேறு எவனாவது செய்திருந்தால் அவளே அவனைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள்.

கிழிக்க ஆள் வேண்டும். அப்துல் அஜீஸ் எதிரில் இருந்தார்.

"அங்கிள், இவரு என்ன ஆர்டர் பண்ணாரு?"

"கோசோங்மா."

"இதுல மாவு இருக்கு. எண்ணெய் இருக்கு. நெய்யாட்டம் என்னமோ வேற இருக்கு. இது எப்படி கோசோங்? கேட்டது ஒண்ணு, குடுக்கறது ஒண்ணா? கஸ்டமர் கோசோங் கேட்டா நீங்க கோசோங்தான் குடுக்கணும்!"

அஜீஸ் கன்னத்தைச் சொறிந்தார். இத்தனை வருடம் கடை நடத்துகிறார், இந்தக் கோணத்தில் யாரும் புகார் கொடுத்ததில்லை. கண் தேதி விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கடைசியில், "நாயம்தான்மா" என்றார்.

மறுநாள் காலை வாசு உட்கார்ந்து, யாரும் கவனிக்காதபடி தணிந்த குரலில், "அஜீஸு, கோசோங் ரெண்டு" என்றார்.

இரண்டு தட்டு வந்தது. வாசு கையால் தடவினார். ஒன்றும் இல்லை. அடுத்த தட்டையும் தடவினார். அதிலும் இல்லை.

"என்னடா இது?"

"கோசோங், அண்ணே" என்றார் அஜீஸ் பணிவாக. "பாஞ்சிர் வேணுமா?" வெந்நீர்க் குவளையை எடுத்து இரண்டு தட்டிலும் தாராளமாக ஊற்றினார்.

கடை முழுக்கச் சிரித்தது. முன்னாள் வெல்டர் வாசு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "இனிமே இந்தக் கடை வாசல மிதிச்சேன்னா என் பேரு வாசு இல்ல" என்று அறிவித்துவிட்டுத் தெருவில் இறங்கினார்.

அடுத்த ரொட்டிக் கடை நாலைந்து தெரு தள்ளி, சந்தைக்கும் அந்தப் பக்கம். கோபத்தில் வாசு அங்கே நடந்தே போனார். மோட்டார்சைக்கிள்களைத் திட்டிக்கொண்டு, தபால் பெட்டியிடம் வழிவிடச் சொல்லிக்கொண்டு போனார். பின்னால், மறுபடி விடுப்பு போட்டிருந்த ரூபினி ஒளிந்து ஒளிந்து போனாள். சாலை கடக்கிற இடங்களில் மட்டும் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, குரலை மாற்றி, "வாங்க அங்கிள், போலாம்" என்று கையைப் பிடித்து விட்டாள்.

அந்தக் கடை ரொட்டி டயரை வெட்டி மாவில் புரட்டியதுபோல இருந்தது. வாசு ஒரு கடி கடித்தார், அதை வெகுநேரம் மென்றார், மீதியைக் காக்காய்க்குப் போட்டார். காக்காயும் யோசித்தது. அஜீஸிடம் திரும்பிப் போக மானம் இடம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்து, ஜெகதீஸ்வரி வைத்த அவித்த முட்டையைப் பேசாமல் சாப்பிட்டார். மறுநாள் இதைவிடத் தூரத்தில் இன்னொரு கடை இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே நடந்தார். அதுவும் டயர்தான். ஆனால் வேறு கம்பெனி டயர்.

இப்படி ஜார்ஜ் டவுனின் மோசமான ரொட்டிக் கடைகள் அத்தனையையும் வாசு தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். வீட்டில் யாரும் அவரை நடக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடந்திருக்க மாட்டார். பலகையில் எழுத இடமே இல்லாத ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. அதன் பெயர் வீம்பு.

கிளினிக்கில் நோர்மா விரலைக் குத்தினாள், கருவியைப் பார்த்தாள், கருவியைத் தட்டினாள். "அங்கிள், இறங்கிடுச்சே! என்ன செஞ்சீங்க?"

"கோபப்பட்டேன்" என்றார் வாசு.

தேதி பிழைத்தது. கத்தி நல்லபடியாக வைத்தார்கள். கண் கட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்த வாசு தண்ணீர் குடிக்கக் குளிர்சாதனப் பெட்டியிடம் போனார். போனவர் திறக்கவில்லை. அங்கேயே நின்றார்.

சமையலறையில் ஜெகதீஸ்வரி அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுவதுபோல் சத்தம் எழுப்பினாள்.

"பிடிவாதம்" என்று வாசு நிறுத்தி நிறுத்திப் படித்தார். "சோம்பல். ரொட்டி சானாய். ஜிலேபி. கூட்டாளிகள்." படத்தை அண்ணாந்து பார்த்தார். "அட, நான்தானா இது?" பிறகு பலம் என்ற கட்டத்தில் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது.

ரூபினி பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அது பழசுப்பா. பிடிவாதத்தை பலத்துக்கு மாத்தணும். இருங்க, மாத்தி எழுதறேன்."

"தொடாதே." வாசு திரும்பி மகளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம், முகம் முகமாகவே தெரிந்த பார்வை. "பலம், கோசோங்னு போட்டிருக்க. நல்லாதான் இருக்கு. ஆனா ஆர்டர் முழுசா இல்ல."

அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, கோசோங் என்பதற்குப் பக்கத்தில் எழுதினார்: ரெண்டு, பாஞ்சிர்.