பழைய வேட்டிக்கு வந்த திருடன்

வேட்டிக்கடைக்காரருக்கு முதலில் சந்தேகம் வந்தது காற்றின் மேல்தான். மாடியில் காயப்போட்டிருந்த பழைய வேட்டி ஒன்றைக் காணவில்லை. கீழே சந்தில் எட்டிப் பார்த்தார், அங்கேயும் இல்லை. அடுத்த வாரம் இன்னொன்று போனது. அது பீரோவுக்குள் மடித்து வைத்திருந்த வேட்டி. என்ன காற்றாக இருந்தாலும் பீரோவைத் திறக்காது.

"ஏன்டி, என் பழைய வேட்டியை யாராவது எடுத்தாங்களா?"

"கடை நிறைய வேட்டிய வெச்சுக்கிட்டு, இந்தக் கந்தலுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடியே.

கேள்விக்குப் பதிலாக அவள் கேள்வி கேட்டால் உள்ளே ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். கல்யாணமான புதிதிலேயே அவர் படித்துக்கொண்ட பாடம் அது.

ஜிப்பா, ஷெர்வானி, பட்டு வேட்டி என்று ஆம்பிளைகள் விசேஷத்துக்கு உடுத்துவது எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். கடைக்குக் கஞ்சி போட்ட வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு வருவார். அவர் உட்கார்ந்த பிறகும் வேட்டி உட்கார யோசிக்கும். வேலையாட்கள் முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பேர் 'கஞ்சி'. வீட்டுக்கு வந்து அதை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பழைய வேட்டிக்கு மாறினால்தான் மனுஷனுக்கு உயிர் வரும்.

ஆனால் சுகம் போன வருத்தம் மட்டும் இல்லை இது. அவருடைய பயம் வேறு.

புது வேட்டி பொய் சொல்லும். கஞ்சி எல்லாக் குறையையும் மூடி மறைத்துவிடும். நூல் எப்படிப்பட்டது, நெசவு நெருக்கமா என்பதெல்லாம் பல தடவை துவைத்த பிறகுதான் வெளியே வரும். அவர் கடைச் சரக்கு துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகுமே தவிர, நைந்து போகாது. எந்த நூல், யார் நெய்வது என்று இன்றுவரை அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கடை ஓடுவதே அந்த ரகசியத்தில்தான். அதைப் பிரித்து மேய வேண்டும் என்றால், எதிரிக்குத் தேவை அவர் கட்டிக் கட்டிப் பழசான வேட்டி.

எதிரி எதிர்க்கடையில் இருந்தான். வேறு யாரும் இல்லை, அவர் பெற்ற பிள்ளைதான்.

போன வருஷம் அவன் இடுப்பில் பட்டென்று ஒட்டிக்கொள்ளும் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் போட்டான். "இதைத்தான்ப்பா இப்ப பசங்க கேக்கறாங்க" என்றான். "வேட்டி கட்டத் தெரியாதவனுக்கு என் கடையில என்னடா வேலை?" என்றார் இவர். பேச்சு தடித்தது. மகன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டே போனான். எதிர்க்கடையில் மேனேஜராகவும் உட்கார்ந்துவிட்டான். அவன் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று இவர் உத்தரவு போட்டார். மனைவி ஒரு தடவைகூட எடுக்கவில்லை. மகனைப் பிரிந்த தாய் இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கிறாளே என்று அவர் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இப்போது யோசித்தார். வீட்டுக்கும் எதிர்க்கடைக்கும் நடுவில் போய்வர ஒரு ஆள் வேண்டும். பீரோவைத் திறக்கக் கூடியவனாகவும் இருக்க வேண்டும். மச்சானைத் தவிர வேறு யார்? மனைவியின் தம்பி, வருஷக்கணக்காக வீட்டோடு இருந்து, கடையில் கூடவே நிற்பவன். கொஞ்ச நாளாக மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மறைந்துவிடுகிறான்.

"எங்க கிளம்பிட்டே?"

"பல் டாக்டர்கிட்ட அத்தான்."

"நேத்தும் பல்லுதானே?"

"நேத்து மேல் பல்லு அத்தான். இன்னிக்குக் கீழ்ப் பல்லு."

"பைக்குள்ள என்ன, பல்லா?"

மச்சான் சிரித்து மழுப்பிவிட்டுப் படியிறங்கினான். கையும் களவுமாகப் பிடித்து, இன்றைக்கே மூட்டையைக் கட்டச் சொல்லிவிடுவது என்று இவர் முடிவு செய்தார். அதில் அவருக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அவனை விட்டால் கடையில் நம்பி நிறுத்த அவருக்கு நாதி இல்லை.

பின்தொடர்ந்தார். கஞ்சி வேட்டி சரசரவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது, மடித்துக் கட்டிக்கொண்டார். மச்சான் எதிர்க்கடைக்குள் போகவில்லை. அதைத் தாண்டி, பின்தெருவில் ஒரு பழைய குடியிருப்பின் மாடிப்படியில் ஏறினான். ஓ, கடையில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று வீட்டில் வைத்து நூலைப் பிரிக்கிறார்களா? பழகிய திருடர்கள்தான்! மூச்சு வாங்க இவரும் ஏறினார்.

மேல்மாடி நடையில் குறுக்கே கொடி கட்டியிருந்தது. கொடி முழுக்கச் சதுரம் சதுரமாகத் துணி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெல்லிய பச்சைக் கரை. அவர் கடைக் கரை. துணிக்கடைக்காரன் கண்ணுக்குச் சதுரமாக வெட்டிய துணி என்றால் சாம்பிள்தான். வேறு எதுவும் தோன்றாது. 'ஊர் முழுக்க அனுப்ப சாம்பிள் வெட்டியிருக்கானுங்க!' ஒன்றை உருவிக் கையில் சுருட்டிக்கொண்டு, கதவை உடைப்பவர் மாதிரித் தட்டினார்.

கதவு பாதி திறந்தது. மருமகள். அவள் தோளில் பச்சைக் கரை போட்ட ஒரு சின்ன மூட்டை. மூட்டை அசைந்தது, கொட்டாவி விட்டது.

அவளுக்குப் பின்னால், குளியலறை வாசலில் குந்தியபடி மச்சான் பீத்துணி அலசிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. "அத்தான்... பல்லு..." என்றான்.

வேட்டிக்கடைக்காரர் கையிலிருந்த துணியைப் பார்த்தார். ஈரமாக, மெத்தென்று இருந்தது. எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தது போதாது என்று மருமகள் பேசினாள். அவள் கண்ணும் அந்தத் துணி மேல்தான் இருந்தது. பேசும்போதே ஒரு அடி பின்னால் போய்க் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. அத்தைதான் குடுத்தனுப்பினாங்க. புதுத்துணி பட்டா பாப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப் போவுது. உங்களுக்கு வேணும்னா எல்லாத்தையும் துவைச்சுத் திருப்பிக் குடுத்துடறேன்."

திருப்பிக் கொடுத்துவிடுகிறாளாம். பேத்தி உடம்பில் சுற்றியிருப்பதை உருவிக்கொண்டு போக வந்தவர் என்று அவரை நினைக்கிறாள். காற்றிலிருந்து மச்சான்வரை அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவரை இப்போது ஒருத்தி சந்தேகமாகப் பார்த்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கரை உறுத்தும்மா" என்றார் கடைசியில். "கரை நூல் முரடு. பச்சை உடம்புக்கு ஆகாது. அதைக் கிழிச்சு எடுத்துடணும்."

"நானும் சொன்னேன் மாமா. அவருதான் விடமாட்டேன்னுட்டாரு. 'எங்கப்பா கடைக் கரை, இருக்கட்டும்'னாரு. மேல படாம மடிச்சுத்தான் சுத்தறேன்."

அவர் அழுதார். மறைக்கக்கூட முயலவில்லை. மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, அலசிய துணியையே மறுபடி அலசினான்.

"நான் கொஞ்சம் வாங்கிக்கலாமாம்மா?"

அவள் யோசித்தாள். மச்சானைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையாட்டியதும் கதவை முழுசாகத் திறந்து, குழந்தையை அவர் கையில் வைத்தாள். ஆனால் தன் கையை அடியிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் கையோடு சேர்த்தே அவர் பேத்தியை ஏந்திக்கொண்டார்.