அது உனக்கில்ல

"கண்ணாடிக் கிளாஸ் இத்தன இருக்கப்போ, இந்தப் பிளாஸ்டிக் கப்பு எதுக்குங்க?" என்று சரோஜம்மா கேட்டதும், பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ஆனந்தகுமாரின் கை நின்றது.

சாப்பாட்டு மேசை முழுக்கக் கசங்கிய காகிதம். நடுவே கட்டைவிரல் உயரத்தில் கண்ணாடிக் கிளாஸ்கள், அவற்றை நிறுத்த வரிசையாகக் குழி வைத்த பளபளப்பான தட்டு. மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் திருவிருந்து. இத்தனை வருஷமாக எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் திராட்சரசம் குடித்தார்கள். இனி ஆளுக்கொரு கிளாஸ் என்று மூப்பர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஆனந்தகுமார். கிளாஸ்களோடு கூடவே, குடித்ததும் கசக்கி எறிகிற பிளாஸ்டிக் கப்புகள் அடங்கிய ஒரு சின்னப் பொட்டலமும் வாங்கி வந்திருந்தார்.

"பத்தாம வந்தா இருக்கட்டுமேன்னு."

"சபை மொத்தமும் ரெண்டு தடவ குடிச்சாலும் இந்தக் கிளாஸ் மிஞ்சுமே."

"எல்லாம் சுகாதாரம்தான். பேசுனது போதும், போய் சாயா போடு."

சரோஜம்மா அடுப்படிக்குப் போனாள். கொரோனா ஓய்ந்து சபை மறுபடி கூடியபோது தனித்தனிக் கிளாஸ் வேண்டுமென்று சிலர் கேட்டார்கள். கர்த்தருடைய பாத்திரத்தில் எந்த நோயும் ஒட்டாது என்று மேடையேறி முழங்கியவர் இதே மனுஷன். அதற்குப் பிறகு சபையில் புதிதாக நடந்தது ஒன்றுதான். காளிமுத்துவும் அவன் பெண்டாட்டி முப்பிடாதியும் ஞானஸ்நானம் எடுத்திருந்தார்கள்.

காளிமுத்துவுக்கு ஓடை அள்ளும் வேலை. மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியின் சந்துகளில் சாக்கடை அடைத்துக்கொண்டால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். முப்பிடாதி தோப்பும்படிக் கம்பெனியில் இறால் உரிக்கப் போகிறவள். ஞானஸ்நானத்தன்று மெர்சி என்று பேர் வைக்கலாமே என்றதற்கு, "என் பேரச் சொல்லித்தானே கர்த்தர் என்னைக் கூப்பிட்டாரு. மாத்துனா அவருக்குத் தேட வேண்டியிருக்குமே" என்று சிரித்தாள். சரோஜம்மாவுக்கு அவளை அன்றைக்கே பிடித்துவிட்டது.

போன திருவிருந்தில் முப்பிடாதி முன்னால் வந்து குடித்துவிட்டு, சபைப் பாத்திரங்களைக் கழுவி வைக்கிற ஜெயலக்ஷ்மியிடம் பாத்திரத்தைக் கொடுத்தாள். ஜெயலக்ஷ்மி வாயில் சாய்த்தாள்; தொண்டை அசையவில்லை. பக்கத்திலிருந்த சரோஜம்மா பார்த்தாள். ஆராதனை முடிந்ததும் குழாயடியில் ஜெயலக்ஷ்மி முணுமுணுத்தாள்: "இனி என்னால இதக் கழுவ முடியாது சேச்சி. அவங்க வீட்டுக்காரர் கைய எங்கெல்லாம் விட்டுட்டு வர்றாருன்னு தெரியுமில்ல?"

தென்காசிப் பக்கம் சரோஜம்மா பிறந்த ஊரில் டீக்கடைக் கூரையில் காலனி ஆட்களுக்கென்று நாலைந்து தகரக் குவளைகள் செருகியிருக்கும். சின்ன வயதில் விளையாட்டாக ஒன்றை உருவியதற்கு அவள் அப்பா கன்னத்தில் அறைந்தார். அந்தக் குவளைகள் மலையைத் தாண்டிக் கேரளத்துக்கு, அவளுடைய சாப்பாட்டு மேசைக்கே பொட்டலமாக வந்திருக்கின்றன.

சாயாவை அவர் முன்னால் வைத்தாள். "இது காளிமுத்துவுக்கும் முப்பிடாதிக்கும்தானே?"

அவர் சாயாவை ஊதிக் குடித்தார்.

"நான் சபைக்கு வந்ததுக்காக எங்கப்பா அரிவாளோட வந்து வாசல்ல நின்னாரே, அன்னைக்கு மனுஷனுக்குப் பயந்து கர்த்தரை விட்டுராதன்னு சொன்னது நீங்கதான். அந்த வார்த்தைய நம்பித்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன்."

"அது வேற, இது வேற. நாலு குடும்பம் சபைய விட்டுப் போயிருவோம்னு நிக்கி." குரல் கனத்தது. "புருஷனுக்குக் கீழ்ப்படியாதவ கர்த்தருக்குக் கீழ்ப்படியறேன்னு சொல்லப்படாது, சரோஜா. நாளைக்குத் திராட்சரசம் ஊத்தி வைக்கது உன் வேலை. அத மட்டும் செய்."

இருட்டுவதற்குள் அவள் பாஸ்டர் வீட்டுக்கு நடந்தாள். ஜிதின் இந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பையன். தமிழ்ப் பிரசங்கத்தை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பான். நல்லவன்தான்.

"எனக்கும் சங்கடம்தான் ஆன்ட்டி. பட்சே, ஐக்கியம் உடஞ்சு போகக்கூடாதில்ல?"

"காளிமுத்து அந்த ஐக்கியத்துல இல்லியா மோனே?"

ஜிதின் கையிலிருந்த போனைப் பார்த்தான். அது அடிக்கவில்லை.

மறுநாள் காலை, புருஷன் சொன்ன வேலையைச் சரோஜம்மா செய்தாள். சுக்குக் கிடங்குக்கு மேலே இருக்கும் சபை மண்டபத்தின் பின்னறையில், நெடி மூக்கிலேற, கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒரே திராட்சரசத்தை ஊற்றினாள். ஆனந்தகுமார் வந்து பிளாஸ்டிக் கப்புகளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தார். மனைவி பணிந்துவிட்டாள் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

ஆராதனையில் பாட்டு முடிந்ததும், பெண்கள் பக்கம் முன்வரிசையில் தன் இடத்தை விட்டு எழுந்தாள் சரோஜம்மா. நேராகப் பின்னால் நடந்து, கடைசி பெஞ்சில் முப்பிடாதியை ஒட்டி உட்கார்ந்தாள்.

"என்னக்கா, இங்க?"

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

தட்டு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. ஏந்தி வந்தவர் ஆனந்தகுமார். கடைசி பெஞ்சுக்கு வந்ததும் ஓரம் முன்னால் வருகிற மாதிரி தட்டை லேசாகத் திருப்பினார். சரோஜம்மா கையை நீட்டி ஒரு பிளாஸ்டிக் கப்பை எடுத்தாள்.

"சரோஜா." அவர் பதறிவிட்டார். "அது உனக்கில்ல."

மண்டபம் அமைதியாக ஜெபத்தில் இருந்த நேரம். மெதுவாகச் சொன்னது மூலை முடுக்கெல்லாம் கேட்டது.

"அப்போ யாருக்கு?" என்றாள் சரோஜம்மா, குரலைத் தாழ்த்தாமல்.

தலைகள் திரும்பின. முப்பிடாதி தட்டின் நடுவைப் பார்த்தாள், ஓரத்தைப் பார்த்தாள். யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நீட்டிய கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சிலிருந்து காளிமுத்து எழுந்தான். கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவான் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சிலர் அதற்குக் காத்திருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

"எனக்கு இது புதுசில்ல பாஸ்டர். ஊர்ல பாத்ததுதான்" என்றான். "ஆனா ஒண்ணு. நீங்க கூப்பிட்டு நான் இங்க வரல. கூப்பிட்டவரு போன்னு சொல்லட்டும், போறேன். அதுவரைக்கும் இந்தப் பெஞ்சுலதான் இருப்பேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அந்த ஞாயிறு கடைசி பெஞ்சில் யாரும் குடிக்கவில்லை.

மூப்பர்கள் கூடினார்கள். காளிமுத்து பேசியதை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் கப்புகளைப் பற்றியும் பேச வேண்டிவரும். ஆராதனை நடுவே புருஷனை அவமானப்படுத்திய குற்றத்துக்காக சரோஜம்மா எல்லோர் முன்னிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கும்வரை அவளுக்குத் திருவிருந்து கிடையாது என்று முடிவானது.

வீட்டில் ஆனந்தகுமார் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வேளைக்குச் சமைத்தாள், அவர் கடைக்குக் கிளம்பும்போது சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள், அவருக்குச் சளி பிடித்தபோது கஷாயம் வைத்தாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சு போகும்" என்றார் ஒருநாள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"உங்ககிட்ட எத்தன தடவை வேணும்னாலும் கேக்கேன். அந்தக் கப்புகிட்ட கேக்க மாட்டேன்."

அடுத்த திருவிருந்து வந்தது. பிளாஸ்டிக் கப்புகள் காணாமல் போயிருந்தன. வெளியே பேச்சு கசிந்துவிட்டதால், எல்லோருக்கும் கண்ணாடிக் கிளாஸே கொடுத்துவிடலாம் என்று மூப்பர்கள் இறங்கி வந்திருந்தார்கள். சபையில் இப்போது வித்தியாசம் எதுவுமில்லை என்று ஆனந்தகுமார் நன்றி சொல்லி ஜெபித்தார். திராட்சரசம் ஊற்றியவள் ஜெயலக்ஷ்மி. சொன்னபடி ஒரு கிளாஸ் குறைவாக ஊற்றியிருந்தாள்.

சரோஜம்மா அன்றும் கடைசி பெஞ்சில்தான் இருந்தாள். தட்டு அவளுக்கு நேராக வந்து, நிற்காமல் முப்பிடாதியிடம் போனது. முப்பிடாதி கிளாஸை எடுத்தாள். கண்ணை மூடி ஜெபித்தாள். பாதியைக் குடித்துவிட்டு, மீதியைச் சரோஜம்மாவிடம் நீட்டினாள்.

"குடிங்கக்கா."

"முப்பிடாதி, அங்ஙன செய்யக்கூடாது!" மைக்கில் ஜிதினின் குரல் உடைந்தது.

"எனக்குன்னு குடுத்தது எனக்குத்தானே பாஸ்டர்? என் பங்குல நான் அக்காவுக்குக் குடுக்கேன்."

சரோஜம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். முன்வரிசையிலிருந்து ஜெயலக்ஷ்மி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியட்டும் என்றே, முப்பிடாதியின் உதடு பட்ட இடத்திலேயே தன் உதட்டை வைத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். புருஷன் ஏந்தி நின்ற தட்டில் காலிக் கிளாஸை வைத்தாள்.

"ஆமென்" என்றாள், உரக்க.

ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சிலிருந்து மட்டும் ஒரு கட்டைக் குரல் "ஆமென்" என்றது.