லேசாகக் கேட்கிறது

1

இந்தக் கதை என் மடிக்கணினி கெட்டுப்போனதில் பிறந்தது. ஹெட்போனை மாட்டினால் போதும், குழாயை யாரோ சரியாக மூடாமல் போனதுபோல பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல். பழுதுபார்ப்பவரிடம் போனில் சொன்னேன். "சார்ஜரக் கழட்டிட்டுக் கேளுங்க சார்" என்றார். கழற்றினேன், நின்றுவிட்டது. ப்ளக்கில் எர்த் சரியில்லையாம்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் போனை வைக்கும் முன் அவர் ஒன்று சொன்னார்: "உங்களுக்குப் பரவால்ல சார். சில பேருக்குக் கழட்டினாலும் நிக்காது."

அந்தச் சில பேரில் ஒருத்தியை நானாக உட்கார்ந்து உண்டாக்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

2

முதல் தொடக்கம்: "அவள் காதை வைத்துப் பிழைப்பவள்." ரொம்பச் சாமர்த்தியமாக இருக்கிறது, வேண்டாம்.

இரண்டாவது: "மழை விட்ட மாலையில் அவள் ஜன்னலோரம் நின்று…" இந்தக் கதையில் மழையே கிடையாது. எதற்கு இந்தப் பொய்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். அவள் ஒலிப்புத்தகங்களைச் சுத்தம் செய்பவள். யாரோ எங்கோ வாசித்து அனுப்புவார்கள். அதிலிருக்கும் மின்விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி, வாசிப்பவர் எச்சில் விழுங்குவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் குரலை மட்டும் திருப்பித் தருவாள். கதவில் பழைய கம்பளியைத் தொங்கவிட்ட சின்ன அறைதான் அவளுடைய அலுவலகம்.

அவள் கணவர் அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுபவர். அதன் பக்கத்திலேயே நின்று நின்று காது மந்தம். மைத்துனன்மார் அவருக்கு 'டமாரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் வீட்டில் டிவியின் சத்தத்தைக் கூட்டவே மாட்டார். அதில் வரும் நகைச்சுவைக்கு மற்றவர்கள் சிரித்த பிறகு, கொஞ்சம் பிந்தி, அவரும் சிரிப்பார்.

(இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதியபோதுதான் கதை எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.)

3

ஒரு காலையில் அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். இதுல ஏதாச்சும் கேக்குதா பாருங்க."

அவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அப்படியே வந்து ஹெட்போனை மாட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

"ஸ்ஸ்ஸ்னு. ரெண்டு பக்கமும். எதுவும் ஓடல, ஆனாலும் சத்தம் இருக்கு."

அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "லேசா கேக்குது."

"அப்பாடா. எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சோன்னு பயந்துட்டேன்."

[இங்கே மாட்டிக்கொண்டு நெடுநாள் கிடந்தேன். ஏன் அப்படிச் சொன்னார்? அன்பினால் என்று எழுதினேன்; ஒட்டவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டதால் என்று எழுதினேன், அதுவும் ஒட்டவில்லை. பிறகுதான் புரிந்தது. அவர் ஏமாற்ற நினைக்கவே இல்லை. அவளுக்குக் கேட்பது தனக்குக் கேட்காமல் போவது அந்த வீட்டில் தினசரி நடப்பது. குக்கர் விசில் கேட்காது, காலிங் பெல் கேட்காது. அதுபோல இந்தச் சத்தமும் எங்கேயோ இருக்கிறது, தன் காதுக்குத்தான் எட்டவில்லை என்று நம்பினார். கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டார். அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வெட்கத்தை வைத்து எப்படி ஒரு கதையைத் தாங்குவது?]

4

சார்ஜரைக் கழற்றினாள், நிற்கவில்லை. புது ஹெட்போன் வாங்கினாள். ஸ்பீக்கரில் கேட்டாலும் பின்னால் அதே இரைச்சல். தெருச் சத்தம் உள்ளே வந்தால் மறைந்துவிடும். கம்பளியை இழுத்துவிட்டால் திரும்ப வந்துவிடும். மடிக்கணினி பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒலிக்கான டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டார், மைக்கை அணைத்தார், கடைசியில் ஸ்பீக்கரையே மாற்றினார்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்று ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரருக்கே கேக்குது தம்பி. அவரு காது எப்படின்னு ஊருக்கே தெரியும்."

அவர் மடிக்கணினியின் அடிமூடியைத் திரும்பக் கழற்றினார்.

அவள் அந்த இரைச்சலைப் பதிவுசெய்துகூடப் பார்த்தாள். திரையில் கோடு தட்டையாகக் கிடந்தது. அவள் தொழிலில் திரை பொய் சொல்லாது. அன்று திரையை நம்பாமல் புருஷனை நம்பினாள்.

5

பதிப்பகத்திலிருந்து ஒரு புத்தகம் திரும்பி வந்தது. வாசித்தவரின் 'ச' ஒவ்வொன்றும் காதைக் கீறுகிறதாம். அவளுக்கு அந்த எழுத்து மங்கலாகக் கேட்டிருக்கிறது. கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறாள்.

அதன் பிறகுதான் இருவரும் காது டாக்டரிடம் போனார்கள். சோதனை முடிந்ததும் டாக்டர் சொன்னார்: "சத்தம் வெளிய இல்லம்மா. உள்ள கேக்குற சக்தி கொறஞ்சிருக்கு, அதனால வர்றது. ஆரம்பிச்ச உடனே வந்திருந்தா மருந்துல கொஞ்சமாச்சும் மீட்டிருக்கலாம். இனிமே இருக்குறதக் காப்பாத்திக்கலாம்."

"லேப்டாப்புன்னு நெனச்சோம் டாக்டர்" என்றாள் அவள். "இவருக்கும் கேட்டுச்சு."

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்தார்.

வீடு திரும்பும்வரை அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருக்கு அது திட்டுவதைவிடக் கொடுமையாக இருந்தது. எனக்கும்தான்.

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவர் உண்மையைச் சொல்லி அழுகிறார், அவள் தலையைத் தடவி மன்னிக்கிறாள். கிழித்தேன். மன்னித்தால் அவளுக்குக் காது திரும்பிவிடுமா?

அவர் கடைசிவரை சொல்லவே இல்லை. அவள் பதிப்பக வேலையை விட்டுவிட்டு… இதை முடிக்கக் கை வரவில்லை.

எர்த் கம்பியைச் சரியாக மாட்டியதும் எல்லாம் நின்றுபோகிறது. அது எனக்குக் கிடைத்த முடிவு. அவளுக்குக் கொடுக்க முடியுமா என்று எத்தனையோ தடவை முயன்றுவிட்டேன்.

7

மிஞ்சியது இதுதான்.

அவர் அச்சகத்திலிருந்து வருகிறார். விரலிடுக்கில் மை. கம்பளிக்குப் பின்னாலிருந்து அவள் குரல்.

"ஏங்க, இங்க வாங்களேன்."

போகிறார். மடிக்கணினி திறந்திருக்கிறது. ஹெட்போனை அவளே அவர் தலையில் மாட்டிவிடுகிறாள், குழந்தைக்குக் குல்லாய் போடுவதுபோல. அதன் வயர் மேசைக்கு அடியில் இறங்கி அவள் மடிக்குப் போகிறது. கணினியில் செருக வேண்டிய முனை அவளுடைய மூடிய கைக்குள் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

"கேக்குதா?"

அவருடைய பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்:

"                    "

'ஆமா, லேசா' என்றால், அன்று காலை என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கிவிடும். 'இல்ல' என்றாலும் விளங்கிவிடும். கூடவே, அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம் என்பதும். இரண்டில் எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று இவ்வளவு பக்கங்கள் எழுதியும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு அழுகையாக வருகிறது, அவ்வளவுதான்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கிறார். அவள் அவர் உதட்டைப் பார்க்கிறாள். இப்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

நான் எழுந்துகொள்கிறேன். அவள் கையை விரிப்பதற்குள் அந்த வரியை நிரப்பிவிடுங்கள்.