ஃப்ளெக்ஸில் தொங்கிய தாய்மாமன்

கார்மேகம் வேலை பார்த்த மீன் ஃப்ரீசரில் அடிக்கிற குளிர் இந்த உலகத்துக் குளிரே இல்லை. உள்ளே நின்று ஒருவன் கெட்ட வார்த்தை பேசினால் அது வாயைவிட்டு வந்ததும் உறைந்து, தரையில் விழுந்து உடையும்; கூட்டி அள்ளத் தனி ஆள் வேண்டும். வெளியே துபாய் வெயிலில் ஒட்டகமே நிழல் தேடி அலையும்போது, உள்ளே இவன் கம்பளிக் குல்லாயும் கோட்டுமாக, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் மாட்டி ஏணியில் ஏறி, சுவரில் படிந்த ஐஸைக் கொத்திக்கொண்டிருப்பான். ஊரில் கேட்டால் மட்டும் ஏசி ஆபீசில் சூப்பர்வைசர். ஏசி என்பதுவரை பொய்யில்லை.

ஒரு லீவு நாளில் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போக, பின்சுவர் முழுக்க ஐஸ் வளர்ந்து மலையாகிவிட்டது. அதில் ஏறிக் கொத்தும்போதுதான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கீழக்கரை முகம்மது ரிபாய் போனை எடுத்தான்.

"மாப்ள, அப்படியே சுத்தியலை ஓங்கு. ஏணி தெரியாம எடுக்குறேன்."

போனைச் சாய்த்தான். படத்தில் ஏணி இல்லை, மீன் பெட்டி இல்லை. ஒரு முழங்காலை மடக்கிப் பனிச்சுவரில் ஊன்றி, கயிற்றில் தொங்கியபடி, சிகரத்தைப் பிளக்கப் போகிற மாவீரன்தான் இருந்தான்.

"இமயமலை உன்னைப் பார்த்தா எறங்கி வந்து சலாம் வைக்கும்டா!"

தங்கச்சி புருஷன் விஜயபாஸ்கர் கொடைக்கானல் குதிரை மேல் உட்கார்ந்த படத்தை வாட்ஸப் முகப்பில் யுகயுகமாக மாற்றாமல் வைத்திருக்கிறான். அவன் வாயை அடைக்க வேண்டாமா? 'பனிமலை உச்சியில் நான்' என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான் கார்மேகம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி ராதிகாவின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவனுக்காக ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைத்திருந்தாள். மேனேஜரோ இந்த முறையும் அரபியில், "மாஃபி லீவ், கலாஸ்" என்று கையை விரித்துவிட்டார். அதைச் சொன்னபோது ராதிகா அழுதாள், ஆனால் நம்பினாள்.

ஞாயிறு காலை விஜயபாஸ்கரிடமிருந்து ஒரு படம் வந்தது. கோயில் வாசலில் தென்னை உயரத்துக்கு ஃப்ளெக்ஸ். காது குத்தப்போகும் பிள்ளை மூலையில் தபால்தலை அளவு. மீதி முழுக்கப் பனிச்சுவரில் கார்மேகம். 'இமயம் தொட்ட தாய்மாமன் வாழ்த்துகிறார்.' கூடவே அவன் குரல் பதிவு.

"மச்சான், லீவு இல்லைன்னீங்க. மலைக்குப் போக மட்டும் கெடச்சுச்சாக்கும்? வர்றவன் பூரா 'மாமன் எங்கே'ங்கிறான். மேல பாருங்கன்னு கையைக் காட்டுறேன். உங்க தங்கச்சி விடிஞ்சதுலேருந்து பச்சத்தண்ணி குடிக்கலை."

அத்தனை குளிரிலும் கார்மேகத்தின் முகம் எரிந்தது. ராதிகாவைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை.

"இடத்தைக் காட்டிரு மாப்ள" என்றான் ரிபாய்.

"சூப்பர்வைசர்னு சொல்லி வச்சிருக்கேனே பாய்!"

"அப்ப மலையிலேயே இரு."

வீடியோவில் விஜயபாஸ்கரைப் பிடித்தான். அவன் வேண்டுமென்றே போனைப் பந்திக் கூட்டத்தின் பக்கம் திருப்பினான். ஓரத்தில் ராதிகா முகத்தைத் திருப்பி நின்றாள்.

"தங்கச்சி, இங்க பாரு." ஐஸ் சுவரை, ஏணியை, சுத்தியலை, கூரைவரை அடுக்கிய மத்தி மீன் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். "இதான் நான் ஏறுன மலை. ஆபீசு, சூப்பர்வைசர் எல்லாம் பொய்ம்மா. ஐஸ் கொத்துறேன். ஆனா லீவுக்குக் கெஞ்சுனது நெசம்."

"இமயத்துல மத்தி கெடைக்குதாப்பா!" என்று யாரோ கத்த, எழுந்த சிரிப்பில் அரபிக்கடலே ஒரு அடி மேலேறி இறங்கியிருக்கும். கார்மேகத்துக்குப் பெட்டிகளுக்கிடையில் தானும் ஒரு மத்தியாகிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ராதிகா மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து பார்த்தாள். "அண்ணே, கையில என்ன அது? வெடிப்பா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் குளிரில் சார்ஜ் இறங்கி போன் செத்துவிட்டது.

டூட்டி முடிந்து சோனாப்பூர் லேபர் கேம்புக்குப் போகும் பஸ்ஸில், ரிபாயின் பவர் பேங்கில் போனைப் போட்டு உயிர் கொடுத்தான். ராதிகாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. எழுத்து எதுவும் இல்லை.

ஃப்ளெக்ஸைக் கழற்றிக் கோயில் தரையில் விரித்திருந்தார்கள். பனிச்சுவரில் மடக்கி ஊன்றிய அவன் முழங்கால்மேல் பிள்ளை உட்கார்ந்து, ஊரே கேட்கும்படி வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. ஆசாரி காதருகே குனிந்திருந்தார். ராதிகா 'இமயம் தொட்ட' என்ற எழுத்தின்மேல் சேலையைப் பரப்பி உட்கார்ந்து பிள்ளையைப் பிடித்திருந்தாள். 'தாய்மாமன் வாழ்த்துகிறார்' மட்டும் வெளியே தெரிந்தது.

"என்ன சொல்றாங்க மாப்ள?" என்று ரிபாய் எட்டிப் பார்த்தான்.

கார்மேகம் போனை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டான். கேம்ப் வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் அவன் தலை நிமிரவில்லை.