நாலணாவுக்குள் ஐந்து குண்டு

நான் இதுவரை ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. இதைச் சொன்னால் எங்கள் சாரம் பகுதியில் ஒருத்தரும் நம்புவதில்லை. மின்சாரத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஆள், வீட்டில் ஏர்கன் வைத்திருக்கிறான், கொல்லைப்புறத்திலிருந்து தினமும் டப் டப் என்று சத்தம் வருகிறது, எதைத்தான் சுடுகிறான் என்று கேட்கிறார்கள். அட்டையைச் சுடுகிறேன் ஐயா. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை. எந்த டப்பாவில் வரும் குண்டு என் துப்பாக்கிக்கு ஒத்துப்போகிறது, ஐந்து தடவை சுட்டால் ஐந்தும் ஒரே இடத்தில் போய் விழுகிறதா என்று பார்க்கிறேன். பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்று அடுத்த கேள்வி. நாள் முழுக்க உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறவனை யாராவது அப்படிக் கேட்கிறார்களா?

கொல்லைக் கடைசியில் மதில் சுவர். அதற்கு முன்னால் துவைக்கிற கல். கல்லின் மேல் மணலும் கந்தல் துணியும் அடைத்த பிஸ்கட் டின். டின்னின் முகத்தில் பத்திரிகையைத் திருப்பி ஒட்டி, நடுவில் என் மனைவி சுலோசனாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை வைப்பேன். அதுதான் குறி. இந்தப் பக்கம் சமையலறை வாசலில் ஒரு முக்காலி, அதன் மேல் பழைய தலையணை, தலையணை மேல் என் இடது உள்ளங்கை, உள்ளங்கை மேல் துப்பாக்கி.

ஸ்பிரிங் துப்பாக்கி கொஞ்சம் கோபக்காரச் சாமான். ஸ்பிரிங் விடுபடும்போது முன்னும் பின்னும் ஓர் உதறு உதறும். குண்டு குழலை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே அந்த உதறல் வந்துவிடும். அதை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். அடக்கப் பார்த்து இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு திசைக்குப் போகும். சுலோசனா எப்போதாவது ஆசைக்கு வந்து உட்காருவாள். குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்ற அவளுக்குக் கையில் வலு போதாது, அதை நான் செய்துகொடுக்க வேண்டும். ஆனால் சுட்டால் என்னைவிட நன்றாகச் சுடுவாள். "கைக்கொழந்தைய தூக்குற மாதிரி சும்மா தாங்குங்களேன், ஏன் கழுத்தப் புடிக்கிறீங்க?" என்பாள்.

சுட்டு முடித்ததும் ஐந்து ஓட்டையின் மேலும் காசை வைத்துப் பார்ப்போம். இப்போது கடைகளில் வாங்க மாட்டேன் என்கிற நாலணாக் காசு ஒன்று இதற்காகவே எங்களிடம் இருக்கிறது. ஐந்தையும் அது மறைத்துவிட்டால் அன்றைக்கு நாலணா. அதற்கு மேல் சிறந்தது இல்லை. இல்லாவிட்டால் எட்டணா, ஒரு ரூபாய். அதையும் தாண்டிவிட்டால் சுலோசனா காசை விட்டுப் பலகாரத்துக்குப் போய்விடுவாள். வடை, இட்லி, கடைசியில் அப்பளம். அட்டையைப் பார்த்தே என் மனதைச் சொல்லிவிடுவாள். நான் வேலையில் இருந்த காலத்தில், "இட்லியா? ஆபீஸ்ல யார்கூட சண்ட?" என்று சரியாகக் கேட்பாள். அவள் கூட இருந்தவரை அப்பளம் ஒரே ஒரு தடவைதான், என் அப்பாவின் காரியம் முடிந்த வாரத்தில்.

எங்கள் ஒரே மகள் ஹேமலதாவின் பிரசவத்துக்காக சுலோசனா பெங்களூர் போனாள். மூன்று மாதம் என்றுதான் பேச்சு. பிறகு பிள்ளை குப்புற விழட்டும் என்றார்கள். பிறகு தவழட்டும் என்றார்கள். பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆளாகக் கிடைக்கட்டும் என்றார்கள். நானும் ஒரு முறை போய் இருந்து பார்த்தேன். இரண்டே அறை. நான் கூடத்து சோபாவில் படுத்துக்கொண்டு, மாப்பிள்ளை விஜயராகவன் தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பெண் கொடுத்த வீட்டில் மாமனார் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிட முடியும்? ஊரைப் பார்க்க வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, "இன்னிக்கு எவ்ளோங்க?" என்பாள். முதல் வாரம் இட்லி. ஆனால் போனில் பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, அவள் குரலில் தூக்கமில்லாத களைப்பு. இந்த நேரத்தில் இதைச் சொல்லி அவளை ஏன் வதைக்க வேண்டும் என்று, "நாலணா" என்றேன்.

"அப்ப நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். அடுத்த வாரமும் நாலணா. அதற்கடுத்த வாரமும் நாலணா. நான் நாலணா நாலணா என்று சொல்லச் சொல்ல, அவள் அங்கே தங்குவது நீண்டுகொண்டே போயிற்று. உண்மையைச் சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. கட்டின பெண்டாட்டியைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டுமா, தானாக வரக்கூடாதா என்று ஒரு வீம்பு.

குண்டுகள் மேல் பழியைப் போட்டேன். நேரு வீதிக்குப் போய் வகைவகையாக வாங்கிவந்தேன். தட்டைத் தலை, கூர்மூக்கு, உருண்டைத் தலை. ஒவ்வொரு டப்பாவிலும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சும்மா சுட்டு, குழலைப் புது ஈயத்துக்குப் பழக்கி, அதன் பிறகு ஐந்து. எல்லா டப்பாவும் ஒரே லட்சணம்தான். இட்லியிலிருந்து அப்பளம். சில குண்டுகள் டின்னிலேயே படாமல் மதிலில் போய் அறைந்தன. குண்டில் கோளாறு இல்லை. கையைத் தளரவிட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், கை கேட்கவில்லை. பிடித்துக்கொள்ள வீட்டில் வேறு ஒன்றும் இல்லாதவன் துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் என்ன செய்வான்?

ஒரு நாள் பொட்டும் தீர்ந்துபோயிற்று. குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் அவள் ஒட்டிவைத்துவிட்டுப் போன பொட்டுகள் இருந்தன. எடுக்கலாம் என்று நகத்தைக் கொண்டுபோனேன். மனம் வரவில்லை. தெருமுனையில் பிரிஸ்கில்லா நடத்தும் பேன்சி கடைக்குப் போனேன்.

"ஒரு பொட்டு அட்டை குடும்மா."

"அக்கா வந்துட்டாங்களாண்ணே?"

"இல்ல."

"பின்ன யாருக்கு?"

"எனக்குத்தான்."

பிரிஸ்கில்லா என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு இருப்பதிலேயே பெரிய அளவாக எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும், இதைச் சொல்லிச் சிரிக்க உள்ளே ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. முற்றத்திலேயே வெகுநேரம் நின்றேன்.

பிள்ளைக்கு மொட்டை போட எல்லோரும் வருவதாக ஹேமலதா போன் செய்தாள். பிரசவத்துக்காக சுலோசனா வேண்டிக்கொண்டிருந்த எங்கள் குலதெய்வம் தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில். காலையில் கோயில், மத்தியானம் வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் காரிலேயே திரும்பிவிடுவார்கள்.

"அப்பா, நீங்கதான் தனியா நல்லா சமாளிக்கிறீங்களே. பாப்பா ஸ்கூல் போற வரைக்கும் அம்மா எங்களோடவே இருக்கட்டுமே. வந்து பேசிக்கலாம்" என்றாள்.

பள்ளிக்கூடம் போகும்வரை! வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல அந்த ஒரு நாள்தான் எனக்கு இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். ஓட்டை விழுந்த பத்திரிகைகளை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். பிஸ்கட் டின்னை எடுத்துப் பரண்மேல் வைத்தேன்.

கோயிலில் பிள்ளை ஊரே கேட்கிற மாதிரி அழுது மொட்டை போட்டுக்கொண்டது. சுலோசனா இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து, "கன்னம் ஒட்டிப்போச்சு" என்றாள். "வெயில்" என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் ஹேமலதா பேச்சை எடுத்தாள். சுலோசனா சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

சுலோசனா எழுந்து கை கழுவக் கொல்லைப்புறம் போனாள். போனவள் திரும்பி வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், மதிலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். பெங்களூர் போவதற்கு முந்தின பொங்கலுக்கு அவளே வெள்ளையடித்த மதில். அதில் அம்மைத் தழும்பு போல எங்கு பார்த்தாலும் பள்ளம். அட்டைகளை எல்லாம் எரித்தவன், தினமும் பார்த்துக்கொண்டிருந்த சுவரை மறந்துவிட்டேன்.

"இது என்னங்க?"

"மழையில பூச்சு உதுந்துபோச்சு."

அவள் ஒரு பள்ளத்தை நகத்தால் சுரண்டினாள். நசுங்கிய ஈயம் ஒன்று அவள் கையில் வந்தது.

"ஈயமா பேஞ்சுது மழ?"

கீழே உதிர்ந்த சுண்ணாம்பை நான் காலால் ஒதுக்கினேன்.

"வாரா வாரம் நாலணான்னு சொன்னீங்களே. மனுஷன் நிம்மதியா இருக்காரு, நாம போயி என்னத்த பண்ணப்போறோம்னு நெனச்சிட்டேனே." அவளுக்குக் குரல் உடைந்தது. "ஒரு வாட்டி வான்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீயா வருவேன்னு இருந்தேன்."

"நீங்களா கூப்புடுவீங்கன்னு நான் இருந்தேன்."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "எடுங்க துப்பாக்கிய" என்றாள்.

டின்னைப் பரணிலிருந்து இறக்கினேன். பத்திரிகை ஒட்டினேன். பிரிஸ்கில்லா கொடுத்த பொட்டைப் பார்த்து, "இத எவ வச்சிப்பா, மாட்டுக்கு வைக்கிறதாட்டம்?" என்றாள். அழுத கண்ணோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கிக் குண்டு வைத்துக் கொடுத்தேன். ஐந்து சுட்டாள். போய்ப் பார்த்தேன். அட்டையில் இரண்டே ஓட்டை. ஒன்று மேல் மூலையில், ஒன்று கீழ் ஓரத்தில். மற்ற மூன்றும் என் பள்ளங்களோடு மதிலில் சேர்ந்துவிட்டன.

அட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதை ஆச்சரியமாகப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அங்க பதினோராவது மாடிங்க. கதவ சாத்திட்டாங்கன்னா பேச ஆள் கெடையாது. பக்கத்து வீட்ல யாரு இருக்காங்கன்னே இன்னும் தெரியாது. பாப்பா தூங்கிட்டா செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன். நீங்க எப்டி இருக்கேன்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிடுவேன். நானும் நாலணான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

உள்ளேயிருந்து ஹேமலதா கூப்பிட்டாள். "அம்மா! பாப்பா அழுவுறா, வா!"

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "சுலோ, போவாத. இங்கயே இருந்துடு."

அவள் எழுந்து, என் கையில் இருந்த துப்பாக்கியைத் தொட்டாள். "நாளைக்கு அவ வேலைக்குப் போவணும். பிள்ளைய யார்கிட்டங்க விடறது?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் ஏதாவது வழி சொல்ல மாட்டேனா என்றுதான் கேட்டாள். என்னிடம் வழி இல்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஆள் தேடியிருப்பார்கள், வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள். இப்போது அந்தப் பிள்ளைக்கு அவளை விட்டால் யாரிடமும் தூக்கம் வராது. காரில் ஏறும்போதும் மொட்டைத் தலையை அவள் தோளில்தான் புதைத்திருந்தது. கார் தெருமுனை திரும்புகிறவரை அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தேன். குளியலறைக் கண்ணாடியில் புதிதாக ஒரு பொட்டு ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இன்னிக்கு எவ்ளோங்க?" என்றாள்.

அந்த நாலணாக் காசு என் எதிரில் மேசைமேல் கிடந்தது. நா நுனி வரைக்கும் பழைய பதில் வந்தது. விழுங்கினேன்.

"அப்பளம்" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது.

"பெரிய அப்பளமா?"

"பெருசுதான்."

"எனக்கும் அதேதாங்க" என்றாள்.

போனை வைக்க எனக்கு மனமில்லை. அவளும் வைக்கவில்லை.