நாலணாக் கஸ்தூரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு துவைகல்லில் கிடைத்தது. திருச்சுழிப் பக்கம் ஒரு பெரியவர் இறந்த கேதத்துக்குப் போயிருந்தேன். கிணற்றடியில் பாதி கரைந்த சோப்புக்கட்டி ஒன்று கிடந்தது. எடுக்கப் போனேன். கூட வந்தவர் கையைத் தட்டிவிட்டார். கட்டியில் 'கஸ்தூரி' என்ற பெயர் அரைகுறையாகத் தெரிந்தது. யார் அந்தப் பெண் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் எழுத வேண்டிய வேலை இருந்திருக்காது.

முதல் வரியாக, 'அறுபத்தெட்டாம் வருஷம், மழை பொய்த்துப்போன ஐப்பசியில்' — வேண்டாம். இந்த வட்டாரத்தில் எந்த வருஷத்துக்கும் அதை எழுதலாம்.

2

சங்கரலிங்கம் பாளையம்பட்டியில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். இங்குள்ள உப்புத் தண்ணீரில் டவுன் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் போகும். அவரும் மனைவி கஸ்தூரியும் கொல்லையில் தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து காய்ச்சிக் காய்ச்சி, இந்தத் தண்ணீரிலும் நுரைக்கிற ஒரு கட்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். காய்ச்சியது பெரும்பாலும் அவள்தான். (காஸ்டிக் பட்டு உரிந்துபோன அவள் விரல்களைப் பற்றி ஒரு பத்தி எழுதி, எடுத்துவிட்டேன். அவளே அதைப் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை.) ஆசைப்பட்டு அவள் பெயரையே அச்சாக வெட்டினார்.

விலையில்தான் முட்டிக்கொண்டது. டவுன் சோப்பு எட்டணா. (பைசா வந்து பத்து வருஷம் தாண்டியும் எல்லார் வாயிலும் அணாதான்.)

“நம்மளுது அதைவிட நல்லா நுரைக்குதுல்ல? ஒம்பதணா வைங்க” என்றாள் கஸ்தூரி.

“யாருக்கும் தெரியாத சரக்கு. நாலணாவுக்குப் போடுவோம். கை பழகட்டும், பெறகு ஏத்திக்கிடலாம்.”

“எம் பேரைப் போட்டுட்டு நாலணாவா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அவரும் சிரித்தார்.

3

கேதத்துக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். குளித்த சோப்பைத் திரும்ப எடுத்து வரக் கூடாது, துவைகல்லிலேயே விட்டுவிட வேண்டும். விட்டுவிட்டு வரப்போகிற சோப்புக்கு எட்டணா கொடுக்க யாருக்கு மனசு வரும்? இது சங்கரலிங்கத்துக்குத் தெரியாத வழக்கமல்ல. அவர் கடையிலேயே அதற்கென்று மட்டமான சோப்பு கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். தன் சரக்குக்கு விலை வைக்கிறபோது மட்டும் நினைப்பில் வரவில்லை.

ஆறு மாதம் கழித்து, திருச்சுழிக் கடைக்காரர் ஆண்டிச்சாமியிடம் சரக்குப் போடப் போனார். அப்போது ஒருவர் வந்து, “ரெண்டு கஸ்தூரி குடுங்க. பெரியவுக போயிட்டாக” என்றார்.

“நீங்க கவலையே பட வேணாம் அண்ணாச்சி” என்றார் ஆண்டிச்சாமி. “ஒங்க சரக்குக்கு மாசம் தவறாம ஆள் விழுது.”

வீட்டில், நல்லா ஓடுது என்று மட்டும் சொன்னார். அது பொய்யுமில்லை.

4

கஸ்தூரிக்குக் குழந்தை இல்லை என்று எழுதி அடித்துவிட்டேன். உங்களை அழவைக்க அது குறுக்குவழி. ஒரு மகளும் இரண்டு பையன்களும் இருக்கட்டும்.

அடுத்த தெருச் சந்தனம்மாளின் மகள் பிள்ளை பெற்றிருந்தாள். கஸ்தூரி ஒரு சின்னச் சட்டையும், காய்ந்த கட்டிகளில் பார்த்துப் பொறுக்கிய இரண்டும் எடுத்துக்கொண்டு போனாள். சந்தனம்மாள் சட்டையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சோப்புக்குக் கை நீளவில்லை.

“அது வாசல்லயே இருக்கட்டும் மதினி. பச்சப்புள்ள கெடக்கு.”

“சோப்புத்தான மதினி?”

“ஒங்களுக்கு யாருமே சொல்லலையா?”

கஸ்தூரி அந்தக் கட்டிகளை — இந்த வாக்கியம் எனக்கு முடியவில்லை. குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தாள். பார்க்க விட்டார்கள். யாரும் தூக்கி அவள் மடியில் வைக்கவில்லை.

5

முடிவுக்கு வருவோம். விலையை ஏற்றலாம். ஏற்றினார், ஒன்பதணா. பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன: கேதத்துக்கு விலை அதிகம், மற்றதற்கு அந்தப் பேர் ஆகாது. விலை மறுபடி நாலணாவுக்கு இறங்கியது. காய்ச்சுவதை நிறுத்தலாம் என்றால், கடை முதலெல்லாம் எண்ணெயில் போயிருந்தது. பேரை எடுத்துவிடலாம். ஆனால் பேரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், பேரில்லாத கட்டி வேண்டாம் என்று ஆண்டிச்சாமி முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூன்று பெட்டிக்கு ஆர்டரும் சொல்லிவிட்டார்.

காலையில் கஸ்தூரி கட்டிகளைத் துண்டு போட்டுப் பலகையில் வரிசையாக வைத்தாள். ஈரம் இருக்கும்போதே அச்சு அடித்துவிட வேண்டும். சங்கரலிங்கம் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“வேற பேரு வெட்டிப் போட்டுருவமா?”

“எவ பேரைப் போடுவீக?” என்றாள். “நம்ம மக பேரையா?”

அவர் அச்சைத் திருப்பி அதில் வெட்டியிருந்த பேரைப் பார்த்தார். எனக்கும் வேறு பேர் தோன்றவில்லை. கொல்லையில் வெயில் ஏறுகிறது. இந்த ஊர் வெயிலில் கட்டி வெகுநேரம் ஈரமாக இருக்காது. அச்சை அவர் கையிலிருந்து வாங்கி உங்களிடம் தருகிறேன். அடிப்பதானால் இப்போதே அடியுங்கள். அவள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.